நூலகத்தில் வேலை, மறைக்காத வாழ்க்கை: பால்புதுமையர் நூலகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நூலகத்தில் வேலை பார்ப்பவரைப் பல பேருக்குத் தெரியும். காலையில் பேப்பர் படிக்க வரும் ஓய்வுபெற்றவர்கள், டிஎன்பிஎஸ்சிக்காக நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள், பள்ளி விட்டதும் ஓடி வரும் பிள்ளைகள், வாசகர் வட்டத் தலைவர், பணம் கட்டிப் புரவலரானவர்கள் என்று எல்லோரும் பழகிய முகங்கள். கிளை நூலகமாகவோ ஊர்ப்புற நூலகமாகவோ இருந்தால் அவர்களில் பலருக்கு உங்கள் வீடும் தெரியும், அப்பா பெயரும் தெரியும். கதவு மூடிய அலுவலகத்தில் ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதற்கும் இங்கே சொல்லிக்கொள்வதற்கும் இருக்கும் பெரிய வித்தியாசம் இதுதான்.

நானும் கவுண்டரில் உட்காருகிறவன். நான் கே, அதாவது ஆண்கள்மேல் ஈர்ப்பு கொண்ட ஆண், என்பது உடன் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். இந்த வேலையில் வெளிப்படையாக இருக்க விரும்பும் லெஸ்பியன் (பெண்கள்மேல் ஈர்ப்பு கொண்ட பெண்), கே, இருபாலீர்ப்பு கொண்டவர், திருநங்கை, திருநம்பி ஆகிய பால்புதுமையர் எல்லோருக்கும் நான் சொல்வது இந்த வரிசையைத்தான்: முதலில் காகிதம், அடுத்தது வீடு, அப்புறம் உடன் வேலை செய்பவர்கள், கடைசியில் கவுண்டர். பலர் இதைத் தலைகீழாகச் செய்து அடிபடுகிறார்கள். சொல்லாமலே இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யாருக்கும் நீங்கள் விளக்கம் கடன்பட்டிருக்கவில்லை.

1. உங்கள் வேலை எந்த வகை என்று பாருங்கள்

பொது நூலகத் துறையில் நிரந்தரப் பணியில் இருக்கும் மூன்றாம் நிலை நூலகரும், தினக்கூலியாகவோ தொகுப்பூதியத்திலோ இருப்பவரும், தனியார் கல்லூரி நூலகத்தில் இருப்பவரும் ஒரே நிலையில் இல்லை. நிரந்தர அரசு ஊழியரை நீக்க வேண்டுமானால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், விசாரணை என்று முறை இருக்கிறது. தினக்கூலிக்கு "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்ற ஒரு வார்த்தை போதும். தனியார் கல்லூரியில் காரணமே சொல்லாமல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம்.

உங்கள் நியமன ஆணையை எடுத்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். தகுதிகாண் பருவம் முடிந்துவிட்டதா? முடிந்ததற்கான ஆணை கையில் இருக்கிறதா? முடியவில்லை என்றால் காத்திருப்பது கோழைத்தனம் இல்லை. பணிப்பதிவேட்டில் பதிவுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, நகல் வாங்கி நூலகத்துக்கு வெளியே ஓர் இடத்தில் வையுங்கள்.

2. சட்டம் எங்கே உங்களோடு நிற்கிறது, எங்கே நிற்கவில்லை

2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் உச்ச நீதிமன்றம், மனம் ஒப்பிய வயதுவந்தோரின் தன்பாலுறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. வேலை பார்ப்பவருக்கு அதில் இன்னொரு முக்கியமான சேதி உண்டு: பாலீர்ப்பின் பெயரால் அரசு பாகுபாடு காட்டுவது அரசமைப்புக்கு எதிரானது. இது வேலைக்கும் பொருந்தும் என்பதற்கு 2021 பிப்ரவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பே சாட்சி. உத்தரப் பிரதேசத்தில் ஊர்க்காவல் படையில் இருந்த ஒருவரை, அவருடைய பாலீர்ப்பைக் காரணம் காட்டி நீக்கியிருந்தார்கள். நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்து, அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னது. நீங்கள் அரசு நூலகத்தில் இருந்தால் இந்த இரண்டு தீர்ப்புகளின் நகலும் உங்களிடம் இருக்கட்டும்.

தனியார் நூலகத்தில் நிலைமை வேறு. கே, லெஸ்பியன், இருபாலீர்ப்பு கொண்டவர்களைத் தனியார் முதலாளியிடமிருந்து காக்கும் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. நிறுவனத்தின் சொந்தக் கொள்கையில் பாலீர்ப்பு என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் நீங்கள் நம்பக்கூடியது மனிதர்களை மட்டும்தான். அதற்கேற்ப எச்சரிக்கையாக இருங்கள்.

திருநர்களுக்கு, அதாவது திருநங்கை, திருநம்பி போன்றவர்களுக்கு, சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 2014இல் நால்சா (தேசிய சட்டப்பணிகள் ஆணையம்) வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அவர்களுடைய பாலின அடையாளத்தை அங்கீகரித்தது. 2020 ஜனவரியில் அமலுக்கு வந்த 2019ஆம் ஆண்டுத் திருநர் பாதுகாப்புச் சட்டம், வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் பாகுபாடு கூடாது என்கிறது. இது தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எழுதி வைத்தது நடக்கிறதா என்பது வேறு விஷயம். ஜேன் கௌசிக் என்ற திருநங்கை ஆசிரியர் பள்ளி வேலையை இழந்து, உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 அக்டோபரில்தான் இழப்பீடு பெற்றார். அந்தத் தீர்ப்பில், சட்டத்தை நடைமுறைப்படுத்தாத அரசுகளின் மெத்தனத்தை நீதிமன்றம் கண்டித்தது.

இந்தத் தொழிலிலேயே பழைய வழக்கு ஒன்று உண்டு. 1970இல் மைக்கேல் மெக்கானல் என்ற நூலகருக்கு அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் வேலை தருவதாக இருந்தார்கள். அவர் தன் துணைவரோடு திருமண உரிமத்துக்கு விண்ணப்பித்தது செய்தியானதும் பல்கலைக்கழகம் கையை விரித்துவிட்டது. அவர் வழக்குப் போட்டார், மேல்முறையீட்டில் தோற்றார். பிறகு ஹென்னெபின் மாவட்டப் பொது நூலகம் அவரை எடுத்துக்கொண்டது. பல பத்தாண்டுகள் அங்கேயே வேலை செய்து ஓய்வுபெற்றார். அதே 1970இல்தான் அமெரிக்க நூலகச் சங்கத்துக்குள் தன்பாலீர்ப்பாளர்களின் பணிக்குழு உருவானது. தொழில்முறைச் சங்கங்களில் அப்படி ஒரு குழு எழுந்தது அங்கேதான் முதல்முறை என்று சொல்வார்கள். நம் தொழிலுக்கு இப்படி ஒரு பரம்பரை இருப்பது எனக்குப் பெருமை.

3. வீட்டுக்குச் செய்தி போகும் என்று வைத்துக்கொண்டு தயாராகுங்கள்

கவுண்டரில் சொன்னது சாயங்காலத்துக்குள் வீட்டுக்குப் போய்ச் சேரலாம். வேலை போவதைவிட இதில்தான் ஆபத்து அதிகம், குறிப்பாகப் பெண்களுக்கும் திருநம்பிகளுக்கும். வீட்டில் அடைத்து வைப்பது, போனைப் பிடுங்குவது, அவசரக் கல்யாணம், "சரிசெய்ய" மருத்துவரிடம் இழுத்துப்போவது எல்லாம் இன்னும் நடக்கிறது.

ஆகவே சம்பளக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்கட்டும். ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் உங்களிடமே இருக்கட்டும். அசல் சான்றிதழ்கள், ஆதார், பான், நியமன ஆணை இவை எல்லாவற்றையும் நம்பகமான வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள். ஒரு மாதம் தங்க ஓர் இடம் இருக்க வேண்டும். இவை தயாராகாமல் நூலகத்தில் யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள் என்று கண்டிப்பாகவே சொல்வேன்.

தமிழ்நாட்டில் இதற்குத் துணைநிற்கும் தீர்ப்புகள் உண்டு. 2021 ஜூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அளித்த உத்தரவு, மனம் ஒத்து ஒன்றாக வாழும் வயதுவந்த இணையரைக் காணவில்லை புகாரின் பெயரில் போலீஸ் துன்புறுத்தக் கூடாது என்றது. பாலீர்ப்பை மாற்றும் 'சிகிச்சை'க்கும் தடை சொன்னது. அதன் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில், பால்புதுமையரைப் போலீஸ் துன்புறுத்தக் கூடாது என்னும் 24-சி என்ற விதி சேர்க்கப்பட்டது. 2025 மே மாதம் அதே நீதிமன்றம், குடும்பத்தாரால் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண் தன் துணைவியோடு போகலாம் என்று சொல்லி, திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழி அல்ல என்றது. காவல் நிலையத்தில் உட்கார நேர்ந்தால் 24-சி என்ற எண்ணைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

4. முதலில் ஒருவரிடம் மட்டும்

எல்லோரையும் கூட்டி வைத்து அறிவிப்பதைவிட, ஒருவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நெருங்கிய நண்பர்தான் வேண்டும் என்பதில்லை. மற்றவர்களின் சொந்த விஷயத்தை டீக்கடையில் பேசாதவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். திருநங்கை வாசகர் ஒருவர் உறுப்பினராக வரும்போது முகம் சுளிக்காமல் படிவத்தை நீட்டுகிறவர் யார் என்று கவனியுங்கள். அவரிடமிருந்து தொடங்கலாம்.

சொல்வதை நேராகச் சொல்லுங்கள். "அக்கா, ஒரு விஷயம் சொல்லணும். எனக்குப் பொண்ணு பாக்குறதா சொல்லிட்டே இருக்கீங்க. நான் கே. எனக்கு ஆண்கள் மேலதான் ஈர்ப்பு. உங்களுக்குத் தெரிஞ்சா போதும், இப்போதைக்கு வேற யார்கிட்டயும் சொல்ல வேணாம்." இதில் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக் கூடாது என்று நீங்கள் சொல்லாவிட்டால் அவர் தானாக ஒன்றை முடிவு செய்துகொள்வார்.

கேள்விகள் வரும். "எப்பத்திலிருந்து?", "டாக்டரைப் பாத்தியா?" என்றெல்லாம். அன்போடு கேட்பவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். தன்பாலீர்ப்பு நோயல்ல, அதை மாற்றுவதாகச் சொல்லும் 'சிகிச்சை' தொழில்முறை ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022இல் அறிவித்திருக்கிறது. படுக்கையறையைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் வேண்டாம். "அதை நான் உங்ககிட்ட கேக்க மாட்டேன் அண்ணா, நீங்களும் கேக்காதீங்க" என்றால் போதும்.

5. மேலதிகாரியிடம் சொல்ல வேண்டுமா?

கே, லெஸ்பியன், இருபாலீர்ப்பு கொண்டவர்கள் மாவட்ட நூலக அலுவலரிடமோ கல்லூரி முதல்வரிடமோ தனியாகப் போய்ச் சொல்ல வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. தொந்தரவு தொடங்கிவிட்டால் மட்டும், வேறு யாரோ திரித்துச் சொல்வதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லிவிடுவது நல்லது.

திருநங்கைக்கும் திருநம்பிக்கும் அப்படி முடியாது. பெயர், உடை, கழிவறை எல்லாமே அலுவலக விஷயங்கள். மாவட்ட ஆட்சியர் வழங்கும் அடையாளச் சான்றிதழ் முதலில், அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு அடுத்து. இவற்றின் நகல்களோடு பணிப்பதிவேட்டில் பெயரையும் பாலினத்தையும் திருத்தக் கோரி எழுத்தில் விண்ணப்பியுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். ஆதார், பான், வங்கிக் கணக்கு, பட்டச் சான்றிதழ் இவற்றில் ஒன்று பழைய பெயரில் நின்றால் சம்பளப் பட்டியல் சிக்கும். எல்லாவற்றையும் ஒரே காலத்தில் நகர்த்துங்கள்.

கழிவறையைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள். பல கிளை நூலகங்களில் ஒரே கழிவறைதான், அங்கே பிரச்சினை எழாது. பெரிய நூலகத்தில் எதைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதை அலுவலரிடம் சொல்லி, அவர் வாயால் மற்ற ஊழியர்களுக்குச் சொல்ல வையுங்கள். முதல் நாள் நீங்கள் தனியாகப் போய் நின்று எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

6. கவுண்டர்

வாசகர்களிடம் நீங்களாகப் போய்ச் சொல்ல ஒன்றுமில்லை. கேள்வி தானாக வரும். "தம்பி, இன்னும் கல்யாணம் ஆகலையா?" என்று ஐயா ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்பார். பொய்யும் வேண்டாம், விரிவுரையும் வேண்டாம். "எனக்குத் துணை இருக்கார் ஐயா, நல்லா இருக்கோம். உங்க புத்தகத்துக்குத் தவணை வெள்ளிக்கிழமை" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்கலாம். 'இருக்கார்' என்பதைக் கேட்டுப் புரிந்துகொள்கிறவர் புரிந்துகொள்வார். நான் பார்த்தவரை, புத்தகம் நேரத்துக்குக் கிடைக்கும்வரை பெரும்பாலான வாசகர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை.

சீண்டுகிறவர்களும் வருவார்கள். மேசை முன் நின்று உரக்கக் கேலி பேசுவது, போனில் படம் பிடிப்பது, கைதட்டிக் கூப்பிடுவது. அமைதி காக்க வேண்டும் என்ற நூலக விதி இங்கே உங்கள் கையில் இருக்கும் நல்ல கருவி. உங்கள் அடையாளத்தைப் பற்றி வாதாடாமல், "இங்கே சத்தம் போடக் கூடாது, ஊழியரைப் படம் எடுக்கக் கூடாது, வெளியே போங்கள்" என்று விதியைச் சொல்லுங்கள். தேதி, நேரம், என்ன சொன்னார், யார் பார்த்தார்கள் என்று அன்றே எழுதி வையுங்கள். மீண்டும் நடந்தால் எழுத்தில் மேலே அனுப்புங்கள். தனியாக நூலகத்தைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள், இருட்டும் நேரத்தில் யாரையாவது துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுவர் பகுதியில் வேலை பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். "பிள்ளைகளைக் கெடுத்துவிடுவார்" என்ற அபாண்டம் நம்மீதுதான் எளிதாக விழும். கதை சொல்லும் நேரத்தில் கதவு திறந்திருக்கட்டும், இன்னொரு பெரியவர் கண்ணில் படும் தூரத்தில் இருக்கட்டும், எந்தப் பிள்ளையையும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டாம். இவை எல்லா ஊழியருக்கும் பொதுவான நல்ல விதிகள். எல்லோருக்கும் பொருந்தும் விதியாகவே எழுத்தில் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்களுக்கு மட்டும் என்று போட்டால் ஏற்காதீர்கள்.

7. அடுக்கும் பதிவேடும்

என் மனசுக்கு மிக நெருக்கமான பகுதி இது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. அந்த 'ஒவ்வொரு' என்பதில் தன்னைப் பற்றிப் படிக்க வழியில்லாமல் தவிக்கும் பதினேழு வயதுப் பிள்ளையும் அடக்கம்.

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி முறையைப் பின்பற்றும் நூலகம் என்றால் 306.76 என்ற எண்ணில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாலீர்ப்பு, பாலின அடையாளம் பற்றிய நூல்களுக்கு இப்போது உரிய இடம் அதுதான். டியூயியின் 1932ஆம் ஆண்டுப் பதிப்பில் இவற்றை மனக்கோளாறுகளோடு வைத்திருந்தார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பகுப்பிலும் இவை பிறழ்ந்த பாலுறவு என்ற தலைப்பின் கீழ்தான் கிடந்தன. நான் மேலே சொன்ன பணிக்குழு கேட்டுப் போராடிய பிறகு 1972இல் மாற்றினார்கள். அதே பழைய பார்வை நம் அடுக்குகளிலும் ஒளிந்திருக்கலாம். திருநங்கைகள் தமிழில் எழுதிய தன்வரலாறுகள் எய்ட்ஸ் விழிப்புணர்வு நூல்களோடு நிற்கின்றனவா? எடுத்துத் தன்வரலாற்று அடுக்கில் வையுங்கள். "கேட்டால் தருவோம்" என்று பூட்டிய அலமாரிக்குள் இருக்கின்றனவா? கேட்கத் துணிவில்லாதவருக்குத்தான் அந்தப் புத்தகம் அதிகம் தேவை. வெளியே எடுங்கள்.

அடுத்தது இரவல் பதிவேடு. கையால் எழுதும் நூலகங்களில் அது மேசையில் விரித்தபடியே கிடக்கும். யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்று அடுத்து நிற்பவர் படித்துவிடலாம். உங்கள் பக்கம் திருப்பி வையுங்கள், எழுதி முடித்ததும் மூடுங்கள். "என் பையன் என்ன புத்தகம் எடுக்குறான்?" என்று கேட்டு வரும் உறவினருக்கும் ஊர்ப் பெரியவருக்கும் பதிவேட்டைக் காட்டாதீர்கள்.

நீங்கள் வெளிப்படையாக இருப்பது தெரிந்ததும் சில இளையவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். காது கொடுங்கள். ஆனால் அவர்களின் ஆலோசகராகவோ காப்பாளராகவோ ஆகிவிடாதீர்கள், முக்கியமாக 18 வயது நிரம்பாதவர்களிடம். சொந்தப் போன் எண் வேண்டாம், நூலகத்துக்கு வெளியே சந்திப்பு வேண்டாம். சென்னையில் ஓரினம், சகோதரன் போன்ற அமைப்புகள் நெடுங்காலமாக இயங்குகின்றன. மதுரையில் திருநர் வள மையம் ஒரு நூலகத்தோடு இருக்கிறது. அவற்றின் விவரங்களை ஒரு தாளில் அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் மற்ற உதவி எண்களோடு சேர்த்து ஒட்டிவிட்டால், யாரும் உங்களிடம் வந்து கேட்கக்கூட வேண்டியதில்லை.

அப்புறம், ஏப்ரல் 15 திருநங்கையர் தினத்துக்கும் ஜூன் மாதப் பெருமித நாட்களுக்கும் கண்காட்சி வைக்க வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் மட்டும் விழ வேண்டாம். வேறொரு ஊழியர் பெயரில் அந்த வேலை இருக்கட்டும். நீங்கள் இடமாறிப் போன பிறகும் அது நடக்க வேண்டுமல்லவா.

8. தவறு நடந்தால்

வாய்ச்சொல்லாகச் செய்த புகார் நிற்காது. எழுதுங்கள், ஒப்புகை வாங்குங்கள்.

பெண்களுக்கு, பாலியல் தொந்தரவு என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. பெரும்பாலான கிளை நூலகங்கள் இந்த வகைதான். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தொந்தரவு தந்தவரும் பெண் என்றால் புகார் செல்லாது என்று யாராவது சொன்னால், செல்லும் என்று 2020இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதைக் காட்டுங்கள். திருநர்கள் நிறுவனத்தின் புகார் அலுவலரிடம் கொடுக்கலாம். 2020ஆம் ஆண்டு விதிகளின்படி அவர் 15 நாளுக்குள் விசாரிக்க வேண்டும். அரசு நூலகத்தில் அப்படி ஓர் அலுவலரே இல்லை என்றால், "யார் எங்கள் புகார் அலுவலர்?" என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பல இடங்களில் அந்த மனுவே நியமனத்தை நடத்தி வைக்கும். கே, இருபாலீர்ப்பு கொண்ட ஆண்களுக்கு இப்படித் தனி வழி இல்லை. துறைத் தலைவருக்கு எழுத்துப் புகார், மிரட்டலோ தாக்குதலோ என்றால் காவல் நிலையம், நீக்கம் என்றால் உயர் நீதிமன்றம்.

நேரடியாக நீக்க முடியாதபோது தூரத்துக் கிளைக்கு மாற்றுவார்கள். நிர்வாகக் காரணம் என்றுதான் ஆணையில் இருக்கும். அப்போதுதான் நீங்கள் தேதியோடு எழுதி வைத்த குறிப்புகளும் ஒப்புகை பெற்ற புகார்களும் பேசும். புகார் கொடுத்த சில நாட்களில் மாறுதல் வந்தது என்பதை அவை காட்டும். ஊழியர் சங்கத்தில் உறுப்பினராக இருங்கள், சந்தாவைத் தவறாமல் கட்டுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு. சட்டங்கள் திருத்தப்படுகின்றன, அதனால் மனு எழுதும் முன் அன்றைய வடிவத்தை வழக்கறிஞரோடு சேர்ந்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

மாறுதல் வந்து புதிய கிளைக்குப் போகிறீர்கள் என்றால், அங்கே யாருக்கும் உங்களைப் பற்றித் தெரியாது, அல்லது தவறாகத் தெரிந்திருக்கும். உடன் வேலை செய்பவர்கள் என்ற மூன்றாவது படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பழைய இடத்தில் உங்களோடு நின்றவரிடம், புதிய கிளையில் அவருக்குத் தெரிந்த ஒருவருக்கு நீங்கள் சேருவதற்கு முன்பே போன் போட்டுச் சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.